கார் நிறுத்துமிடத்தில் ஆண் பனை

எனக்கு மரங்களின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை படித்ததே பொறியியலுக்கு இடம் கிடைக்காததால்தான். படித்த படிப்புக்கு அமைந்த வேலை, கட்டடம் கட்டுகிறவர்கள் கொண்டுவரும் ‘லேண்ட்ஸ்கேப்’ வரைபடத்தைப் பார்த்து, இது நடக்கும், இது நடக்காது என்று எழுதிக் கொடுப்பது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் வழியிலும் வேலந்தாவளம் வழியிலும் தென்னந்தோப்பு விழுந்து கல்யாண மண்டபமும் கடை வளாகமும் எழும்பும் இடங்களில் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு பள்ளிக்கூட விழாவில் என்னைப் ‘பசுமைக் காவலர்’ என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். கூச்சமாக இருந்தது. மரத்துக்காக நான் வாதாடியது குறைவு. குழிக்காகவும் குழாய்க்காகவும் டேங்கர் வாடகைக்காகவும் வாதாடியதுதான் அதிகம். பாசத்தைப் பேசி ஒரு மரத்தைக்கூட நான் காப்பாற்றியதில்லை. கணக்கைப் பேசிக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கிறேன். ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் கேரளம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். காகிதத்தில் கேரளம்தான், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வானம் மட்டும் கேரளத்து வானம் இல்லை. மாநிலத்தின் சராசரி மழை ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர். எருத்தேம்பதி, வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்கு பெய்தாலே நல்ல வருஷம் என்போம். மண்ணும் அப்படித்தான். கேரளம் முழுக்கச் செம்மண்ணும் சரளை மண்ணும் கிடக்க, சித்தூர் தாலுகாவின் கிழக்கோரத்தில் மட்டும் கரிசல். இங்கே நெல்லோடு நிலக்கடலையும் பருத்தியும் கரும்பும் விளைந்ததற்கு அதுதான் காரணம். ஆழியாற்றிலிருந்து வரும் தண்ணீர்தான் சித்தூர்ப்புழைக்கு உயிர். 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் இந்தப் பக்கத்துக்கு வரவேண்டும். அது குறையும் கோடைகளில் மூலத்தறைத் தடுப்பணையைப் பற்றிப் பேசாத டீக்கடை இங்கே கிடையாது. நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் கேரளத்தில் ‘மிகையாக உறிஞ்சப்பட்டது’ என்று முன்பு குறித்த ஒன்றியம் சித்தூர்தான். பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில்தான் பிளாச்சிமடை இருக்கிறது. அங்கே 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலை, தண்ணீருக்காக மயிலம்மா போன்ற ஆதிவாசிப் பெண்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 2004இல் மூடப்பட்டது. தண்ணீரைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இருந்தும், கட்டடத்தின் முன்னால் போடும் புல்தரை என்று வந்துவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது.

நான் சொல்லவந்த இடம் சாலையோரத்தில் ஐந்து ஏக்கர். தென்னந்தோப்பாக இருந்தது. உடைமையாளர் பரம்பரையாகத் தோப்பு வைத்திருப்பவர், அறுபதைத் தாண்டியவர். மகன் வளைகுடாவில் சம்பாதித்த பணத்தில் மண்டபமும் கீழே கடைகளும் பக்கத்தில் ஓர் உணவகமும் கட்டுவதாகத் திட்டம். வரைபடம் கொச்சியிலிருந்து வந்தது. வரைந்த பெண் கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் வளர்ந்த ஊரில் வேலிக்கு நட்ட குச்சியும் துளிர்க்கும். அந்தக் கண்ணோடுதான் எங்கள் நிலத்தையும் பார்த்திருந்தார்.

வரைபடத்தில் 253 பச்சை வட்டங்கள் இருந்தன. எண்ணிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 80 சதுர மீட்டர் மனைக்கு ஒரு மரம் என்பது பெரிய கட்டடங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதியில் வழக்கமாக வரும் நிபந்தனை. ஐந்து ஏக்கர் என்றால் 20,234 சதுர மீட்டர். 80ஆல் வகுத்தால் 252.9. அந்த அனுமதியே 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் தேவை. இவர்கள் கட்டியது அதில் பாதிகூட வராது. நிபந்தனை பொருந்தாத இடத்திலும் அதை மதித்த வரைபடக்காரரை நான் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த 253இல் 110 மரங்கள் ‘பாக்ஸ்டெயில்’ பனை. நரிவால் மாதிரி மட்டையோடு, ஆந்திரத்தின் கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருமே, அதுதான். சாலையோர மதில் நெடுக ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. எண்ணிக்கை சேர்ந்துவிட்டது, நிழல்தான் சேரவில்லை. மீதியில் குல்மோகர் நாற்பது, ஏழிலைப்பாலை பன்னிரண்டு, கோனோகார்ப்பஸ் ஐம்பது, இன்னும் சில்லறை. நடுவில் 2,000 சதுர மீட்டருக்கு மெக்சிகன் புல். வேலிச்செடியாக இட்லிப்பூ.

வரைபடத்தில் வட்டத்தைப் பார்க்கிறவர்கள் மரத்தின் தலையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் தேடுவது அந்தத் தாளில் இல்லாத ஒன்றை: தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது? பெரும்பாலான வரைபடங்களில் கட்டடத்துக்குள் ஓடும் குழாய் வாஷ்பேசின்வரை துல்லியமாக இருக்கும். வெளியே மரத்துக்குப் போகும் குழாய் ஒரு கோடுகூட இருக்காது. ‘தோட்டக்காரர் ஊற்றிக்கொள்வார்’ என்பது எழுதப்படாத குறிப்பு. அந்தத் தோட்டக்காரருக்குச் சம்பளம் யார் தருவது என்பதும் எழுதப்பட்டிருக்காது. செடி கொடுத்த ஒப்பந்தக்காரரின் பொறுப்பு பொதுவாகத் தொண்ணூறு நாளோடு முடிந்துவிடும். கார்த்திகையில் நட்டால் அவர் மாசியில் கையைக் கழுவிவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஊரில் வெயில் பிடிக்கத் தொடங்குவதே அப்போதுதான்.

உடைமையாளரிடம் முதலில் புல்லைப் பற்றித்தான் பேசினேன். சுற்றுச்சூழல் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. கோடையில் புல்தரை ஒரு சதுர மீட்டருக்குத் தினம் ஐந்து லிட்டராவது குடிக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றடிக்கும் எங்கள் பக்கத்தில் அதற்கு மேலும் கேட்கும். 2,000 சதுர மீட்டருக்குத் தினம் 10,000 லிட்டர். மரக்கன்று 253க்கும் தலைக்கு 20 லிட்டர் வீதம் வாரம் இருமுறை ஊற்றினாலும் வாரத்துக்கு மொத்தம் 10,000 லிட்டர்தான். அதாவது எல்லா மரமும் ஒரு வாரம் குடிக்கிற தண்ணீரைப் புல் ஒரே நாளில் குடித்துவிடும். ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிக் கொடுத்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, தென்னைக்கு ஒரு வாரம் தண்ணி உடலீன்னா எனக்குத் தூக்கம் வராதுங்க. மாடுகூடத் திங்காத இந்தப் புல்லுக்கு ஆருங்க உடறது?”

அதற்கு மேல் நான் பேசவில்லை. 2,000 சதுர மீட்டர் 300 ஆனது. மண்டபத்து முகப்பில், புகைப்படம் எடுக்கும் இடத்தில் மட்டும். கொச்சிப் பெண்ணுக்கு அதில் வருத்தம். அவருடைய கோப்பில் சிங்கப்பூரின் படங்கள் நிறைய இருந்தன. அந்தத் தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதுவும் பெரும்பாலும் ஆண்டு முழுக்கப் பிரிந்து பெய்கிற மழை. 1967இல் லீ குவான் யூ தொடங்கிவைத்த தோட்ட நகரத் திட்டத்தில் நிழலுக்காக வேங்கை இனத்து மரங்களின் பெரிய கிளைகளை வெட்டி நட்டே சாலைகளை மூடினார்கள். அந்தப் படத்தை எங்கள் கரிசலில் ஒட்டினால் பசை பிடிக்காது என்று சொன்னேன். சிரித்தார். அப்புறம் அவரே குழி வெட்டும் இடத்துக்கு வந்து நின்றார்.

குழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், இந்த வேலையின் உயிரே அங்கேதான். மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். தண்ணீரை நிரப்பி எத்தனை மணியில் வடிகிறது என்று பார்ப்பது எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். கரிசலில் ஒரு சூட்சுமம் உண்டு. கோடையில் நிலம் வெடித்துக் கிடக்கும். முதல் தடவை ஊற்றும் தண்ணீர் வெடிப்பு வழியாக மளமளவென்று இறங்கிவிடும். ‘அடேயப்பா, என்ன வடிகால்!’ என்று ஏமாந்து எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மண் ஊறி வெடிப்பு மூடிய பிறகு இரண்டாம் தடவை நிரப்ப வேண்டும். அப்போது சொல்வதுதான் மண்ணின் பேச்சு. அந்த மனையில் காலையில் இரண்டாம் முறை ஊற்றிய தண்ணீர் மறுநாள் காலையிலும் ஒரு சாண் உயரத்துக்கு அப்படியே நின்றது. மேலே ஒரு கொசு முட்டையிட இடம் பார்த்துக்கொண்டிருந்தது.

காரணம் மண் மட்டுமில்லை. ரோலர் ஓடி, செங்கல் லாரி திரும்பி, கான்கிரீட் வண்டி நின்று ஒன்றரை வருஷம் அந்த நிலம் மிதிபட்டிருந்தது. ஜே.சி.பி. பக்கெட் வெட்டிய குழிச்சுவரைத் தொட்டுப் பார்த்தால் மொழுமொழுவென்று இருந்தது. ஈரக் களிமண்ணை இரும்பு இழுத்த இடம் அப்படித்தான் அடைபடும், வேர் அதைத் துளைக்காது. கடப்பாரையால் நாலு பக்கமும் கொத்திவிடச் சொன்னேன். அடுத்ததாக அவர்கள் செய்யவிருந்தது, வெளியிலிருந்து ஐம்பது லோடு செம்மண் கொண்டுவந்து குழியை நிரப்புவது. மதிப்பீட்டில் அதற்கு நல்ல தொகை. கரிசலுக்கு நடுவே செம்மண் குழி வைத்தால், மழைத் தண்ணீர் செம்மண்ணுக்குள் எளிதாக இறங்கும். சுற்றிலும் இருக்கும் களிமண் அதை வெளியே விடாது. செடி, துளையில்லாத பூந்தொட்டியில் நட்டதுபோல வேர் அழுகிச் சாகும். செத்த பிறகு, ‘தண்ணி பத்தலை’ என்று இன்னும் இரண்டு குடம் ஊற்றுவார்கள். செம்மண் லோடை ரத்துசெய்து, வெட்டிய மண்ணையே சாணியெருவோடு கலந்து திருப்பிப் போடச் சொன்னேன். தனித்தனிக் குழிகளுக்குப் பதில் நெடுக வாய்க்கால் மாதிரிப் பள்ளம் எடுத்து, அடியில் தேங்காய் உரிமட்டையைக் குழிவான பக்கம் மேலே வரும்படி அடுக்கி, அதன்மேல் மண். தோப்புக்காரரின் ஊரில் உரிமட்டைக்கா பஞ்சம்? கன்றை மட்டும் தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேடாக நட்டோம். மண்டபத்துக் கூரைத் தண்ணீரை அந்தப் பள்ளத்தோடு சேர்த்துவிட்டோம். ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர். எங்கள் ஊரில் துலாமாத மழை வந்தால் அரைமணியில் இருபது, முப்பது மில்லிமீட்டர் கொட்டிவிட்டுப் போகும்.

செலவு குறைந்த சந்தோஷத்தில் உடைமையாளர் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அந்த நல்ல மனநிலையில்தான் மேல்மண்ணைப் பற்றிக் கேட்டேன். பெரிய திட்டங்களின் அனுமதியில் மேல்மண்ணை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வழித்துத் தனியே குவித்து வைத்து, நடும்போது திரும்பப் பயன்படுத்தவேண்டும் என்று ஒரு நிபந்தனை வழக்கமாக இருக்கும். இங்கே யாரும் அதைச் செய்யவில்லை. நாற்பது வருஷத் தென்னை மட்டையும் சாணியும் மக்கிய மண், அஸ்திவாரம் தோண்டியபோதே யாரோ ஒருவரின் வாழைத்தோட்டத்துக்குப் போயிருந்தது. போனது போனதுதான். காலியிடத்தில் ஒரு பருவம் கொழுஞ்சியும் சணப்பும் விதைத்து மடக்கி உழச் சொன்னேன். மண்டபத் திறப்பு தள்ளிப்போனதால் அதற்கு அவகாசம் கிடைத்தது. இல்லாவிட்டால் நடந்திருக்காது, உண்மையைச் சொல்லவேண்டும்.

செடிப் பட்டியலில் இட்லிப்பூவை அடித்ததற்கு அந்த வீட்டுப் பெண்கள் கோபித்துக்கொண்டார்கள். எங்கள் கரிசலில் கையளவு தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுக்காங்கல் வரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இட்லிப்பூவுக்கு இரும்புச்சத்து எட்டாது. நரம்பு பச்சையாக நிற்க, நடுவே இலை எலுமிச்சை நிறத்துக்கு வெளுக்கும். கட்டடத்துச் சிமென்ட் கழுவிய தண்ணீர் வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீட்டு வேலியில் வெளுத்து நின்ற செடியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். இட்லிப்பூ இருந்த இடத்துக்குக் கிளுவை வந்தது. கொங்கு நாட்டுக் கொறங்காட்டு வேலியில் தலைமுறை தலைமுறையாக நிற்கிற செடி. முள்ளோடு ஒரு குச்சியை ஒடித்து நட்டால் போதும். ஆரம்பத்தில் ‘ஆட்டு வேலியா மண்டபத்துக்கு?’ என்று மகன் கேட்டான். ஒரே சீராகக் கத்தரித்துவிட்டால் ஓட்டல் வேலிபோல் இருக்கும் என்று சொல்லித்தான் வாங்கினேன். கத்தரிக்கிறார்களா என்பது வேறு விஷயம்.

ஏழிலைப்பாலைக்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. அதை அடித்தது உடைமையாளரின் அம்மா. பாலையில் யட்சி குடியிருப்பாள், கல்யாணம் நடக்கிற இடத்தில் அது கூடாது என்று ஒரே பிடிவாதம். கரும்பனையிலும் யட்சி உண்டு என்பது பாலக்காட்டுக் கதை. நல்லவேளை, அந்தம்மாவுக்குப் பனையின்மேல் பயம் இல்லை. அவர் சின்ன வயதில் பனங்கிழங்கு தின்று வளர்ந்தவர்.

குல்மோகரை அடித்ததற்குக் காரணம் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை ஏறக்குறைய 30, 40 கிலோமீட்டருக்கு விட்டுக்கொடுத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் மேற்கேயிருந்தும் மார்கழி, தையில் கிழக்கேயிருந்தும் அந்த வாசல் வழியே காற்று போய்வரும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிறுத்தியது சும்மாவா? ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற ஊரில், மேலோட்டமாக வேர் பரப்பி எளிதில் கிளை முறிகிற மரத்தைக் கார்களுக்கு மேலே நிறுத்தக் கூடாது. புங்கன், வேம்பு, பூவரசு, வாதநாராயணன், வடிகால் ஓரத்தில் மருதம். பட்டியல் இவ்வளவுதான். கரிசல் களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். மரம் பக்கத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சினால் இன்னும் சுருங்கிச் சுவர் விரியும். அதனால் மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரமாவது அஸ்திவாரத்திலிருந்து தள்ளி நடவேண்டும். கோனோகார்ப்பஸை நான் பேசவேண்டியிருக்கவில்லை. குஜராத் அரசு 2023இல் அதைத் தடைசெய்த செய்தியை மகனே செல்போனில் காட்டினான்.

மரம் எது என்பதைவிடக் கன்று எது என்பதில்தான் ஏமாற்று அதிகம். திறப்புவிழாவுக்கு ரெடியாகப் பத்தடி உயரக் கன்று வேண்டும் என்பார்கள். மண்ணுத்திப் பக்கம் நர்சரிகளில் கிடைக்கும். ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர், கொசுவத்திச் சுருள்போல் சுற்றிச் சுற்றி நிற்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் விரியாது, தடிக்கும். எட்டு, பத்து வருஷம் கழித்து ஓர் ஆடியில் மரம் வேரோடு சாயும்போது அதைப் பையில் வைத்திருந்த நர்சரிக்காரரை யார் நினைக்கப்போகிறார்கள்? நாலடிக் கன்று போதும் என்று எழுதினேன். பைகளை இறக்கும்போதே பத்தில் ஒன்றைக் கிழித்துப் பார்ப்பது என்று ஒப்பந்தத்தில் சேர்த்தோம். முதல் லாரி திரும்பிப் போனது.

மின்கம்பிக்குக் கீழே வட்டம் போடுவது எல்லா வரைபடத்திலும் நடக்கும் கூத்து. வருஷாவருஷம் மழைக்கு முன்னால் கே.எஸ்.இ.பி.காரர்கள் ‘டச்சிங்’ வெட்ட வருவார்கள். கம்பியைத் தொடும் கிளையெல்லாம் போகும். மரம் பாதித் தலையோடு நிற்கும். கம்பிக்குக் கீழே எட்டடிக்கு மேல் போகாத செடி மட்டும் என்று எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.

அடுத்த தாள்தான் என்னை நிறுத்தியது. சர்வே வரைபடம். டோட்டல் ஸ்டேஷன் வைத்து அளந்து, மின்கம்பம், கிணறு, பஞ்சாயத்து ஓடை எல்லாம் அங்குலம் பிசகாமல் குறித்திருந்தார்கள். பழைய வரப்பில் நின்ற பனைகள் மட்டும் அதில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால் பதினான்கு. வரைபடத்தில் இல்லாத மரத்துக்கு வெட்டும் கணக்கும் இல்லை. அவை நின்ற இடம் கார் நிறுத்துமிடம் என்று வரைபடம் சொன்னது. செங்கல் சூளைக்காரர் வந்து விலை பேசிவிட்டுப் போயிருந்தார். பாலக்காட்டுப் பனைகள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போயின.

எல்லை என்பது எவ்வளவு வேடிக்கையானது என்று இங்கேதான் புரியும். சாலையில் சில கிலோமீட்டர் கிழக்கே போய்க் கோபாலபுரத்தைத் தாண்டினால் தமிழ்நாடு. பனை அங்கே மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண் பட்ஜெட்டில் கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். இந்தப் பக்கம், தனியார் நிலத்து மரங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் கவனிக்கும் மரங்களில் சந்தனமும் தேக்கும் ஈட்டியும் உண்டு, பனை இல்லை. ஓ.வி.விஜயன் 1969இல் ‘கசாக்கின் இதிகாசம்’ எழுதிக் கரும்பனையை மலையாள இலக்கியத்தில் நிரந்தரமாக நிறுத்திவிட்டார். அந்தக் கதைக்குக் காரணமான தஸ்ராக்கில் நினைவகம்கூட இருக்கிறது. மனையில் நிற்கும் பனைக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடையாது.

இதையெல்லாம் நான் உடைமையாளரிடம் சொல்லியிருந்தால் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சூளைக்காரருக்குப் போன் போட்டிருப்பார். நான் அளவு நாடாவை எடுத்தேன். ஒரு பனையின் தடிமன் ஒன்றரை அடி. இரண்டு கார்களுக்கு நடுவே கோடு போடுகிற இடத்தில் அது அடங்கிவிடும். வேர் நார் நாராகக் கீழே இறங்குமே தவிர, பக்கவாட்டில் தடித்துத் தளக்கல்லைப் பெயர்க்காது. தண்ணீர் கேட்காது. காற்றில் விழாது. விளம்பரப் பலகையை மறைக்காது. அவர் ஒன்றே ஒன்று கேட்டார்:

“பனம்பழம் கார் கண்ணாடி மேல உழுந்தா ஆருங்க பதில் சொல்றது?”

நியாயமான கேள்வி. அவர் தோப்பில் கள் இறக்கும் செத்துக்காரரையே கூப்பிட்டோம். அவர் மேலே பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தார். காய்ந்து கருத்த விரல் விரலான கதிர்கள் கிடந்த இடத்தில் நிற்பது ஆண். கொட்டையும் நாரும் கிடந்த இடத்தில் நிற்பது பெண். பதினான்கில் ஒன்பது ஆண், ஐந்து பெண். ஆண் மரத்தில் பழம் ஏது? ஒன்பதையும் கார் நிறுத்துமிடத்துக் கோடுகளில் வைத்துக்கொண்டு வண்டிப் பாதையை இரண்டடி நகர்த்தினோம். ஐந்து பெண்ணில் மூன்று புல்தரையின் ஓரத்துக்கு அமைந்துவிட்டன. இரண்டு போயின. தீயணைப்பு வண்டி திரும்பும் இடத்தில் அவை நின்றன, எனக்கு வேறு வழி தெரியவில்லை. காய்ந்த மட்டை விழாமல் இருக்க வருஷத்துக்கு ஒருமுறை ஏறிக் கழிக்கவேண்டும் என்று பராமரிப்பில் எழுதினேன். ஏறுவதற்கு ஆள் கிடைக்கிறவரை அது நடக்கும்.

எல்லாம் நான் சொன்னபடி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த பாக்ஸ்டெயில் பனைகளில் முப்பதுக்கு நானே கையெழுத்துப் போட்டேன். மகனுக்கு முகப்பில் அது வேண்டும். அதை விட்டுக்கொடுத்துத்தான் மதிலோரம் அறுபது புங்கன் வாங்கினேன். மியாவாக்கி காடு வைத்தால் ஒரே மூலையில் எண்ணிக்கை சேர்ந்துவிடுமே என்று அவன் கேட்டபோது மறுத்தேன். ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நாலு கன்று நெருக்கி வைக்கும் அந்த ஜப்பானிய முறைக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் தண்ணீர் தட்டக் கூடாது. எங்கள் பக்கம் அதற்கு உத்தரவாதம் தர என்னால் முடியாது. கடைசி வரைபடத்தில் 253 என்ற எண் 170 ஆகக் குறைந்திருந்தது. எண்ணைக் குறைத்த பசுமைக் காவலர் நானாகத்தான் இருப்பேன். பதிலுக்கு, பராமரிப்புத் தொண்ணூறு நாளிலிருந்து இரண்டு முழுக் கோடைகளாக நீண்டது. செத்த கன்றுக்கு மாற்றுக் கன்று ஒப்பந்தக்காரர் செலவு. கடைசித் தவணையில் ஒரு பங்கை இரண்டாம் கோடை முடிந்து, உயிரோடு நிற்கும் கன்றை எண்ணிய பிறகே கொடுப்பது. இந்த ஒரு வரி சேர்ந்ததும் ஒப்பந்தக்காரர் தாமாகவே சொட்டுநீர்க் குழாய் போட வந்துவிட்டார்.

இப்போது இதை எழுதக் காரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 28 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பன்னிரண்டு தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். பாலக்காட்டுப் புதுச்சேரிப் பஞ்சாயத்துப் பக்கத்தில் அது வரும்போது, அதை நம்பிக் கிட்டங்கியும் ஓட்டலும் மண்டபமும் எங்கள் சாலைகள் வரைக்கும் வரும். 80 சதுர மீட்டருக்கு ஒரு மரம் என்று 1,710 ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 86,500 கன்று. அத்தனை புங்கனும் வேம்பும் மருதமும் நல்ல வேரோடு எந்த நர்சரியிலும் இன்று தயாராக இல்லை. நாலடிக் கன்று வளர ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். தயாராக இல்லாவிட்டால் கடியத்து லாரிதான் வரும்.

அதனால் நம் பக்கத்துப் பஞ்சாயத்துகளுக்கும் தொழிலுறுதித் திட்டத்தில் வேலை பார்க்கும் பெண்களுக்கும் ஒரு வேண்டுகோள். கன்று வளர்க்கும் வேலையை இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். மனை வைத்திருப்பவர்கள் சர்வேக்காரரிடம், ‘நிற்கிற மரத்தையும் குறி, பனையானால் ஆணா பெண்ணா என்றும் எழுது’ என்று சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கமாட்டார்கள். பனம்பழம் ஆவணியில் விழும். பனை நாற்றைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம், கொட்டையை நிற்கவேண்டிய இடத்திலேயே ஊன்றவேண்டும். இடம் வைத்திருப்பவர்கள் மதிலோரத்தில் ஒரு வரிசை ஊன்றிவையுங்கள். கொட்டை காசில்லாமல் கிடைக்கும்.